பழைய பிக்கப்பில் உதறல்: கியர்பாக்ஸா, இன்ஜினா, ஷாஃப்ட்டா?

கேள்வி: "20 வருஷத்துக்கு மேல் ஓடிய பிக்கப், நான்கு கியர் ஆட்டோமேட்டிக். 65இலிருந்து 80 கி.மீ. வேகத்தில், ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்துப் போகும்போது சில விநாடி தடதடவென்று உதறுகிறது. பிரேக்கைக் கால் நுனியால் தொட்டால் உடனே நின்றுவிடுகிறது. அப்படியென்றால் டார்க் கன்வர்ட்டர் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டியதுதான் என்கிறார்கள். சரிதானா?"

மார்ச் 2

இறக்க வேண்டாம். இப்போதைக்கு ஒரு நட்டைக்கூடத் தொட வேண்டாம்.

பிரேக்கைத் தொட்டதும் நிற்பது நல்ல தடயம்தான். ஆனால் அது சொல்வது ஒரே ஒரு விஷயம்: லாக்அப் பிடித்திருக்கும்போதுதான் உதறல் வருகிறது. டார்க் கன்வர்ட்டர் என்பது இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்தும் பகுதி. வண்டி சீரான வேகத்துக்கு வந்ததும் அதற்குள் இருக்கும் கிளட்சைக் கம்ப்யூட்டர் பிடிக்கச் செய்கிறது, அதுதான் லாக்அப். அதுவரை எண்ணெய் வழியாகக் கடந்த சக்தி அப்போதிலிருந்து நேராகப் போகும். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்தே சுற்றும். பிரேக் பெடல் ஸ்விட்ச் அந்தப் பிடியை விடுவிக்கிறது, அவ்வளவுதான். டயர், சக்கரம், பின் ஆக்சிலுக்குச் சக்தி கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் இவற்றில் கோளாறு இருந்தால் பிரேக் விளக்கு எரிவதால் அது நிற்காது. ஆக அந்தப் பக்கம் ஓரளவு தப்பித்தது.

மார்ச் 2, இரவு

மேலே சொன்னதில் பாதிதான் இருக்கிறது. மீதியையும் சொல்லாவிட்டால் யாராவது நாளைக்கே கியர்பாக்ஸை இறக்கிவிடுவார்கள்.

லாக்அப் விட்டதும் இரண்டு விஷயங்கள் ஒரே நேரத்தில் மாறுகின்றன. கன்வர்ட்டர் கிளட்ச் வேலையிலிருந்து விலகுகிறது. கூடவே இன்ஜினின் ஆர்பிஎம் 200, 300 என்று ஏறி, அதன் மேலிருந்த சுமை இறங்குகிறது. பலவீனமான ஸ்பார்க் பிளக்கோ, அதற்கு மின்சாரம் தரும் காயிலோ தடுமாறுவது எப்போது? குறைந்த ஆர்பிஎம்மில் சுமை விழும்போது. ஓவர்டிரைவில், அதாவது நான்காவது கியரில், லாக்அப் பிடித்த நிலை அதேதான். அதனால் பிரேக்கைத் தொட்டால் இன்ஜின் மிஸ்ஸிங்கும் (ஒரு சிலிண்டர் அவ்வப்போது எரியாமல் விட்டுப்போவது) மறைந்துவிடும். கிளட்ச் உதறலும் மிஸ்ஸிங்கும் இந்த ஒரு சோதனையில் அச்சு அசலாக ஒன்றே.

ஃபோர்டின் 5.4 லிட்டர் டிரைட்டன் இன்ஜின் போட்ட எஃப்-150 ஓட்டுபவர்களுக்கு இது பழக்கமான கதை. ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில். அதில் ஒன்று தளர்ந்தால் ஓவர்டிரைவில் லேசான மிதியில் வரும் உதறல் அப்படியே கியர்பாக்ஸ் உதறலாகத் தெரியும். காயில் கோளாறுக்குக் கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்தால் மாட்டிய பிறகும் உதறல் அப்படியே இருக்கும். இந்த இழையை நான் விடாமல் எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

மார்ச் 4

சரி, எப்படிப் பிரிப்பது? காசில்லாத வழி முதலில்.

போக்குவரத்து இல்லாத, லேசாக மேடேறும் சாலை. இடது காலைப் பிரேக் பெடலில் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் வைக்க வேண்டும், பிரேக் பிடிக்கவே கூடாது. அதே நேரம் ஆக்ஸிலேட்டரை வழக்கத்தைவிட அழுத்தி ஏறுங்கள். இப்போது லாக்அப் கிடையாது, ஆனால் இன்ஜின் மேல் சுமை நிறைய. இந்த நிலையிலும் வண்டி வெட்டி வெட்டி இழுத்தால் கன்வர்ட்டர் கிளட்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, இன்ஜினைப் பாருங்கள். வழுவழுவென ஏறினால் சந்தேகம் கிளட்ச் பக்கம் சாய்கிறது. சாய்கிறது என்றுதான் சொல்கிறேன், முடிந்தது என்று சொல்லவில்லை. கொஞ்ச தூரத்துக்குள் முடித்துவிடுங்கள். லாக்அப் இல்லாத மேட்டில் கன்வர்ட்டர் சீக்கிரம் சூடாகும்.

கையில் ஸ்கேனர் இருந்தால் வேலை இன்னும் சுலபம். அமெரிக்கச் சந்தைக்கு வந்த 1996 மாடல் முதலான வண்டிகளில் ஓபிடி-2, அதாவது ஸ்கேனரை மாட்டி வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் வசதி, கட்டாயம். செக் இன்ஜின் விளக்கு எரியவில்லையே என்று நிம்மதி அடைய வேண்டாம். மிஸ்ஸிங் ஒரு எல்லையைத் தாண்டினால்தான் அது எரியும். அதற்குக் கீழே நடப்பதும் பல வண்டிகளில் சிலிண்டர் வாரியாகக் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும், விளக்கு மட்டும் வராது. அந்த எண்ணிக்கையைத் திறந்து பாருங்கள்.

மார்ச் 5

"ஸ்கேனர் இல்லை, ஆர்பிஎம் முள் மட்டும் இருக்கிறது" என்று ஒருவர் கேட்டிருந்தார். முள்ளே போதும். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. ஒரு துண்டுக் காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள்.

லாக்அப் முழுதாகப் பிடித்திருந்தால் இன்ஜினிலிருந்து சக்கரம் வரை நழுவல் கிடையாது. வேகம் தெரிந்தால் ஆர்பிஎம்மைக் கணக்கிட்டுவிடலாம். டயரின் விட்டம் 75 செ.மீ. என்று வையுங்கள். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.36 மீட்டர். 80 கி.மீ. வேகம் என்றால் நிமிடத்துக்கு 1,333 மீட்டர், அதாவது சக்கரம் நிமிடத்துக்கு 566 சுற்று. பின் ஆக்சில் விகிதம் 3.73 என்றால் புரொப்பல்லர் ஷாஃப்ட் 2,111 சுற்று. ஓவர்டிரைவ் விகிதம் 0.70 என்றால் இன்ஜின் 1,478. முள் 1,500 பக்கம் நிற்க வேண்டும்.

1,700, 1,750 என்று காட்டினால் லாக்அப் பிடிக்கவே இல்லை, அல்லது பெருமளவு நழுவுகிறது. 1,500 பக்கமே நின்று, உதறும் நேரத்தில் மட்டும் நூறு நூற்றைம்பது மேலும் கீழும் துடித்தால் கிளட்ச் பிடித்துப் பிடித்து விடுகிறது. உதறும்போதும் முள் அசையாமல் இருந்தால் கிளட்ச் ஒழுங்காகப் பிடித்திருக்கிறது, உதறலை அனுப்புவது இன்ஜின். உங்கள் வண்டியின் மூன்று எண்களும் வேறாக இருக்கும். ஆக்சில் விகிதம் கதவு ஓரத்து ஒட்டுத்தாளிலோ ஆக்சில் மேல் கட்டிய தகட்டிலோ குறியாகக் கிடைக்கும்.

மார்ச் 5, சற்றுப் பிறகு

கணக்குக்கும் முள்ளுக்கும் இரண்டு மூன்று சதவீதம் வேறுபட்டால் பதற வேண்டாம். சுமையில் டயர் கொஞ்சம் அமுங்கும், ஸ்பீடோமீட்டரும் சற்றுக் கூட்டிக் காட்டும். வேகத்தைப் போனின் ஜிபிஎஸ்ஸில் எடுத்தால் கணக்கு நெருங்கி வரும். பழைய வண்டிகளில் முள்ளே மந்தமாக இருக்கலாம், சின்னத் துடிப்பை அது விழுங்கிவிடும். அந்த வண்டிகளுக்கு ஸ்கேனர்தான் வழி.

மார்ச் 8

போனை வைத்து இன்னொன்று. அதிர்வு அளக்கும் செயலி எதையாவது போட்டு, போனைச் சீட்டுக்கு அடியில் தரையில் அசையாமல் வையுங்கள். ஓட்டும்போது நீங்கள் பார்க்க வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும்.

மேலே போட்ட அதே எண்களில், 80 கி.மீ. வேகத்தில் சக்கரம் சார்ந்த அதிர்வு விநாடிக்கு 9.4. ஒரு சிலிண்டர் விட்டுப் போனால் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை தட்டும், அது விநாடிக்கு 12.3. ஷாஃப்ட் சமநிலை தவறியிருந்தால் 35. ஷாஃப்ட்டின் மூட்டான கிராஸ் தேய்ந்திருந்தால் ஒரு சுற்றுக்கு இரண்டு தட்டு, 70. இதில் கடைசி எண்ணைச் சாதாரண போனில் எதிர்பார்க்காதீர்கள். விநாடிக்கு 100 தடவை அளக்கும் சென்சாரில் 50க்கு மேல் வருவதை நம்ப முடியாது.

9.4க்கும் 12.3க்கும் இடைவெளி குறைவு, குழப்பும். குழப்பினால் அதே 80இல் ஓவர்டிரைவை அணைத்து மூன்றாவது கியருக்கு வாருங்கள். சக்கரத்தின் எண் 9.4 ஆகவே இருக்கும். இன்ஜின் எண் 17.6க்கு ஏறிவிடும். கியர் மாற்றினால் நகரும் அதிர்வு இன்ஜினுடையது, நகராதது சக்கரத்துடையது. ஆனால் மூன்றாவது கியரில் சுமை குறைந்து மிஸ்ஸிங்கே நின்றுவிடலாம். அப்போது 12.3 காணாமல் போவதே பதில்.

மார்ச் 9

இப்போது கிளட்ச்தான் என்று ஆனவர்களுக்கு. அப்போதும் பெட்டியை இறக்க அவசரப்பட வேண்டாம். எண்ணெயைப் பாருங்கள்.

சாக்பீஸை ஒரு கோணத்தில் பிடித்து இழுத்தால் பலகையில் கிறீச்சிட்டுப் புள்ளிப் புள்ளியாக விழுமே, கிளட்சுக்குள் நடப்பது அதுதான். ஒட்டுகிறது, நழுவுகிறது, மறுபடி ஒட்டுகிறது. நழுவும் வேகம் குறையக் குறைய உராய்வு ஏறினால் இப்படித்தான் ஆகும். அது ஏறாமல் பார்த்துக்கொள்ள ஏடிஎஃப்பில் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயில்) உராய்வை மட்டுப்படுத்தும் சேர்மானங்கள் இருக்கின்றன. சூட்டிலும் வயதிலும் அவை தீர்ந்துபோகும். எண்ணெய் பார்க்கச் சிவப்பாகவே இருந்தாலும் இந்தக் குணம் போயிருக்கலாம். ஏடிஎஃப்பின் உதறல் தடுக்கும் திறனை மட்டும் அளக்க ஜப்பானில் ஜாஸோ எம்349 என்று தனிச் சோதனையே இருக்கிறது.

ஃபோர்டின் 4ஆர்70டபிள்யூ பெட்டியில் லாக்அப் உதறல் பெரிய தொல்லையாக இருந்தது. மெர்கான் என்ற எண்ணெய்க்குப் பதில் மெர்கான் 5 ஊற்றுவது அதற்கு அந்த நிறுவனமே சொன்ன மருந்து. பின்னால் வந்த ஜெனரல் மோட்டார்ஸின் 8 கியர் பெட்டிகளிலும் இதே கதை. எண்ணெய் ஈரத்தை உறிஞ்சி உதறியது, வேறு எண்ணெய்க்கு மாற்றச் சொல்லி சர்வீஸ் அறிவிப்பு வந்தது. பெட்டிக்கு எது எழுதியிருக்கிறதோ அதுதான் எண்ணெய். ஏடிஎஃப்+4 கேட்கும் கிறைஸ்லர் பெட்டியில் டெக்ஸ்ரான் ஊற்றி உதறலை விலைக்கு வாங்க வேண்டாம். டெக்ஸ்ரான் 3 கேட்கும் பழைய ஜெனரல் மோட்டார்ஸ் பெட்டிக்கு இன்று டெக்ஸ்ரான் 6 ஊற்றலாம், அது பின்னோக்கிப் பொருந்தும்.

என் பிக்கப்பின் உதறல் இந்த வகை. குளிர்ந்திருக்கும்போது ஒன்றுமில்லை, நன்றாகச் சூடேறிய பிறகுதான் வரும். முள் துடிக்கும். டிப்ஸ்டிக்கில் எண்ணெய் பழுப்பாகி, லேசாகக் கருகிய வாசனை. பெட்டியை முழுதாகப் பிரித்துச் செய்யச் சொன்னார்கள். நான் எண்ணெயை மாற்றினேன். ஒரே நாளில் நிற்கவில்லை. மாற்றி, ஓட்டி, மறுபடி மாற்ற மாற்றக் குறைந்துகொண்டே வந்து நின்றது. அதே பெட்டி இன்றும் ஓடுகிறது.

மார்ச் 10

"பழைய பெட்டியில் எண்ணெயை மாற்றினால் செத்துவிடும்" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று புரிகிறது. பலர் எண்ணெயை மாற்றுவதே பெட்டி நழுவத் தொடங்கிய பிறகுதான். கிளட்சின் உராய்வு லைனிங் ஏற்கெனவே போயிருக்கும், பழி புது எண்ணெய் மேல் விழும். பேனை (பெட்டியின் அடியில் இருக்கும் எண்ணெய்த் தட்டை) கழற்றி உள்ளே இருக்கும் காந்தத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மை மாதிரிச் சாம்பல் நிறக் குழைவு இருந்தால் வயசுக்குச் சரி. கையில் குத்தும் உலோகத் துணுக்கு, கருப்பு லைனிங் துகள் கொத்தாகக் கிடந்தால் எண்ணெய் காப்பாற்றாது.

இன்னொரு கணக்கு. ஜெனரல் மோட்டார்ஸின் 4எல்60ஈ பெட்டியில் பேனைக் கழற்றினால் ஏறக்குறைய 4.7 லிட்டர் வரும். பெரிய கன்வர்ட்டர் போட்ட வண்டியில் மொத்தம் 10.6 பக்கம். ஆக ஒரு தடவைக்கு 44 சதவீதம்தான் புதிது. இரண்டாவது தடவையில் 69, மூன்றாவதில் 82. ஒரு தடவை மாற்றிவிட்டு "எண்ணெய் மாற்றியும் போகவில்லை" என்று சொல்வது அவசரம். பழைய ஃபோர்டு பெட்டிகள் பலவற்றில் கன்வர்ட்டரிலேயே வடிகால் பிளக் இருக்கிறது. அவர்களுக்கு இந்தச் சுற்று வேண்டாம்.

அளவு பார்க்கும்போது எண்ணெய் சூடாக இருக்க வேண்டும், இன்ஜின் ஓட வேண்டும், வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். பழைய டாட்ஜ் ராம் பெட்டிகளுக்கு நியூட்ரல், மற்றவற்றில் பெரும்பாலும் பார்க்.

மார்ச் 10, இரவு

குப்பியில் வரும் உதறல் மருந்து பற்றிக் கேட்டவருக்கு: அது செறிவான உராய்வுச் சேர்மானம்தான். சோதனைக்கு மிகவும் பயன்படும். ஊற்றியதும் உதறல் நின்றால் குற்றவாளி கிளட்சும் எண்ணெயும் என்பது உறுதி. அதோடு எண்ணெயை மாற்றிவிடுங்கள். தீர்ந்துபோன எண்ணெயில் அதை நம்பி நீண்ட நாள் ஓட்டுவதை நான் ஏற்க மாட்டேன்.

மார்ச் 13

ஒருவர் சொல்வது வேறு நோய். அவருக்கு உதறல் இல்லை. லாக்அப் பிடிப்பதும் விடுவதுமாக விநாடிக்கு ஒரு தடவை முள் 250 ஏறி இறங்குகிறது. கிளட்ச் சொன்னதைச் செய்கிறது, சொல்பவருக்குத்தான் குழப்பம். ஆக்ஸிலேட்டர் எவ்வளவு மிதிபட்டது என்று சொல்லும் த்ராட்டில் சென்சாரின் மின்னழுத்தம் ஓர் இடத்தில் தாவினால் கம்ப்யூட்டர் கால் எடுத்ததாக நினைத்து லாக்அப்பை விடும். மல்டிமீட்டரை வைத்து ஆக்ஸிலேட்டரை மெல்ல மிதித்து, எங்கும் விட்டுப் போகாமல் ஏறுகிறதா என்று பாருங்கள்.

கம்மின்ஸ் டீசல் போட்ட டாட்ஜ் ராம்களில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆல்டர்னேட்டரின் டயோடு கெட்டு ஏசி அலை கசிந்தால் அந்தச் சிக்னலே கலங்கும். கியர்பாக்ஸ் கோளாறுக்கு ஆல்டர்னேட்டர் மாற்றுவது யாருக்கும் தோன்றாது. அதனால்தான் எழுதுகிறேன்.

பிரேக் விளக்கு ஸ்விட்ச் தளர்ந்திருந்தாலும் குழியில் விழும்போதெல்லாம் லாக்அப் விடும். இரவில் சுவர்ப் பக்கம் பின்பக்கத்தை வைத்து, பெடலை விரலால் ஆட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மார்ச் 16

முதல் கேள்வி கேட்டவர் சோதனை செய்து எழுதியிருக்கிறார், நன்றி. உதறும்போது முள் அசையவில்லை. போனின் அதிர்வு வரைபடத்தில் 12 பக்கம் ஒரு மேடு. மிஸ்ஸிங் எண்ணிக்கை ஒரே சிலிண்டரில் ஏறியிருக்கிறது. அந்தக் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டும் எண்ணிக்கை பழைய இடத்திலேயே நின்றது. அப்படியானால் காயில் இல்லை. பிளக்கைக் கழற்றினால் வெள்ளைப் பீங்கான் மேல் பென்சிலால் கோடு கிழித்தது போல ஒரு கரிக்கோடு. தீப்பொறி உள்ளே போகாமல் வெளிப்பக்கமாக இறங்கிய தடம். பிளக்கை மாற்றும்போது மேலே இருக்கும் ரப்பர் உறையையும் மாற்றுங்கள், அதன் உள்ளேயும் அதே கோடு இருக்கும். பழைய உறையைப் புதுப் பிளக்கில் மாட்டினால் கொஞ்ச நாளில் திரும்பி வரும்.

மார்ச் 19

அவருக்கு முக்கால்வாசி போய்விட்டதாம். ஆனால் நீண்ட மேடு ஏறி எண்ணெய் கொதித்த பிறகு மெல்லிய உதறல் இன்னும் இருக்கிறது, இப்போது முள்ளும் துடிக்கிறது. இரண்டு கோளாறும் ஒரே வண்டியில் இருக்கக் கூடாது என்று சட்டமா? பெரிய உதறல் நின்றதால்தான் சின்னது தெரிகிறது. எண்ணெய் மாற்றத்தைத் தொடங்கச் சொல்லியிருக்கிறேன்.

புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் இஜிஆர் வால்வையும் இந்த இடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். லேசான மிதியில், சீரான வேகத்தில் திறப்பது அதன் வேலை, லாக்அப்பும் அதே நேரம்தான் பிடிக்கும். அளவுக்கு மேல் திறந்தால் இன்ஜின் திக்கும். முன்பு வைத்திருந்த வண்டியில் இஜிஆரின் வேக்யூம் குழாயைக் கழற்றி அடைத்து ஓட்டிப் பார்த்தபோதுதான் உதறல் யாருடையது என்று தெரிந்தது. சோதனைக்கு மட்டும் செய்யுங்கள், பிறகு மாட்டிவிடுங்கள்.

மார்ச் 27

எண்ணெய் இளஞ்சிவப்பு நிறத்தில் பால் கலந்தது போல் இருக்கிறது என்று ஒருவர் படம் போட்டிருக்கிறார். வண்டியை எடுக்காதீர்கள். ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் உடைந்து கூலன்ட் கலந்துவிட்டது. 2005இல் தொடங்கிய நிசான் ஃப்ரன்டியர் தலைமுறையின் முதல் சில வருட வண்டிகளில் இது பரவலாக நடந்தது. கூலன்டில் இருக்கும் கிளைக்கால் கிளட்ச் லைனிங்கின் பசையைக் கரைத்து உரிக்கும். ஓரிரு நாளில் கண்டுபிடித்துக் கழுவினால் பிழைக்க வாய்ப்பு உண்டு. அதன் மேல் ஓட்டினால் இல்லை. எவ்வளவு அருமையான பெட்டியையும் இது தின்றுவிடும்.

ஏப்ரல் 4

4எல்60ஈ பெட்டி வைத்து, ஸ்கேனரில் பி1870 என்ற பிழைக் குறியீடு வருபவர்களுக்குத் தனியாக. எண்ணெய் மாற்றி ஏமாற வேண்டாம். லாக்அப் அழுத்தத்தைச் சீராக்கும் வால்வு, துடிப்பு மின்சாரத்தால் ஓயாமல் அசைந்து அசைந்து வால்வு பாடியின் (வால்வுகள் உட்கார்ந்திருக்கும் பகுதியின்) அலுமினியத் துளையைத் தேய்த்துவிடுகிறது. அழுத்தம் கசிகிறது, கிளட்ச் நழுவுகிறது. துளையை ரீமர் போட்டுப் பெரிதாக்கி அதற்கேற்ற பெரிய வால்வு போடுவது வழி. வால்வு பாடி பேனுக்கு மேலேதான் இருக்கிறது, பெட்டியை இறக்காமலே வெளியே எடுக்கலாம். ஆனால் நெடுநாள் நழுவவிட்டு ஓட்டியிருந்தால் கன்வர்ட்டர் லைனிங்கும் எரிந்திருக்கும். அப்போது இறக்குவதைத் தவிர வழியில்லை.

ஏப்ரல் 11

நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது மட்டும் உதறுகிறது என்பவருக்கு லாக்அப்பை மறந்துவிடுங்கள், அந்த வேகத்தில் அது பிடிப்பதே இல்லை. நீளமான பிக்கப்பில் ஷாஃப்ட் இரண்டு துண்டாக இருக்கும். நடுவில் சென்டர் பேரிங்கின் ரப்பர் கிழிந்தால் கிளம்பும் இழுப்பில் ஷாஃப்ட் தூக்கிக்கொண்டு கோணம் மாறும். கையால் பிடித்து ஆட்டுங்கள். கிராஸையும் இன்ஜின், கியர்பாக்ஸ் மவுன்ட்டையும் அதே நேரம் பாருங்கள்.

திரும்பும்போது மட்டும் பின்னாலிருந்து கடகடவென்றால், பின் ஆக்சிலில் இரு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரிக்கும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். அதற்குள்ளும் கிளட்ச் தட்டுகள்தான், அதே ஒட்டி நழுவும் கதைதான். ஆயில் மாற்றும்போது உராய்வுச் சேர்மானம் ஊற்ற மறந்திருப்பார்கள். ஊற்றி, ஆளில்லாத திடலில் எட்டு வடிவத்தில் மெதுவாகச் சுற்றினால் தட்டுகளுக்குள் போய்ச் சேர்ந்துவிடும்.